நாயின் காதுக்குச் சொட்டு மருந்து: போத்தலைத் திறப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

தலையை உதறிக்கொண்டே இருக்கிறது, பின்னங்காலால் காதைச் சொறிகிறது, கிட்டே போனால் ஒரு வாடை வருகிறது. நாய் வளர்க்கும் வீட்டில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. உடனே யாராவது அலமாரியைத் திறந்து, போன வருடம் மிச்சம் வைத்த சொட்டு மருந்துப் போத்தலைத் தேடி எடுப்பார்கள். இரண்டு நாள் விட்டதும் சொறிவது நின்றுவிடும். போத்தல் மறுபடி அலமாரிக்குப் போகும். மூன்று வாரத்தில் வாடை திரும்பி வரும்.

இப்படி மூன்று, நான்கு முறை நடந்த பிறகு நாய் காதைத் தொடவே விடாது. தலையைத் தடவ வந்த பிள்ளையைப் பார்த்து உறுமும். சில சமயம் கடித்தும் விடும். 'வயசாயிருச்சு, குணம் மாறிப் போச்சு' என்று வீட்டார் முடிவு கட்டுவார்கள். அப்படிப்பட்ட நாயைச் சங்கிலியில் கட்டியே வைப்பதும், செம்பனைத் தோட்டத்து ஓரமாகக் கொண்டுபோய் விட்டுவிடுவதும் நடக்கிறது. பல நேரங்களில் மாறியது குணம் அல்ல. காது வலிக்கிறது, அவ்வளவுதான்.

மனிதனின் காதுக் குழாய் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் நீளம். நேராக உள்ளே போகும். நாயின் காதுக் குழாய், நாயின் உருவத்தைப் பொறுத்து 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை இருக்கும். முதலில் செங்குத்தாகக் கீழே இறங்கி, பிறகு உட்பக்கமாகத் திரும்புகிறது. குளியலறைக் குழாயின் வளைவு மாதிரி. உள்ளே போன தண்ணீரும் அழுக்கும் அந்த வளைவில் தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் மேல் பாகம் மட்டுமே தெரியும். செவிப்பறை வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வீட்டில் எவ்வளவு வெளிச்சம் போட்டுப் பார்த்தாலும் அது கண்ணில் படாது.

நம் நாட்டின் வெக்கையும் ஈரமும் இதற்கு இன்னும் தோதாக இருக்கின்றன. காக்கர் ஸ்பேனியல், கோல்டன் ரிட்ரீவர் போன்ற தொங்கு காது நாய்களுக்கும், காதுக்குள் முடி வளரும் பூடில், ஷிட்சு வகைகளுக்கும் தொல்லை அதிகம். தோட்டப்புறத்து நாட்டு நாய்க்குக் காது நிமிர்ந்திருப்பதால் காற்றோட்டம் உண்டு. ஆனாலும் மழையில் நனைவது, கால்வாயில் இறங்குவது, புல்லுக்குள் புகுவது எல்லாம் அதற்கும் காதுப் புண்ணைக் கொண்டு வரும்.

காதுக்குள் இருப்பது யார்?

காதுப் புண் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருக்கும் கிருமி ஒன்றல்ல. பெரும்பாலும் காணப்படுவது மலசேசியா என்ற பூஞ்சை. இது ஆரோக்கியமான காதிலும் கொஞ்சம் இருக்கும். ஈரமும் மெழுகும் கூடினால் பெருகும். அப்போது பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான அழுக்கும், புளித்த கள் போன்ற வாடையும் வரும். அடுத்தது ஸ்டாஃபிலோகோகஸ் வகை பாக்டீரியா. மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. மஞ்சளும் பச்சையும் கலந்த சீழ், மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றம், தொட்டால் அலறும் வலி என்றால் மருத்துவர்கள் முதலில் இதைத்தான் சந்தேகிப்பார்கள். பல மருந்துகளுக்கு மசியாத கிருமி இது. காப்பித் தூள் போலக் காய்ந்த கறுப்பு அழுக்காக இருந்தால் காதுச் சிற்றுண்ணியாக இருக்கலாம். நாய்க்குட்டிகளிடமும், பூனைகளோடு சேர்ந்து வளரும் நாய்களிடமும் இது கூடுதலாகத் தொற்றும்.

நிறத்தையும் வாடையையும் வைத்து ஊகிக்கலாம், முடிவு செய்ய முடியாது. பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒரே காதில் சேர்ந்து இருப்பது சகஜம். கால்நடை மருத்துவர் பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் அழுக்கை எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார். சில நிமிட வேலைதான். காது வைத்தியத்தில் இதைவிடப் பயனுள்ள பரிசோதனை இல்லை. கிளினிக்கில் இதைச் செய்யாமல் மருந்தை மட்டும் கொடுத்தால், 'அழுக்கை எடுத்துப் பார்க்க முடியுமா, டாக்டர்?' என்று கேட்பதில் தவறில்லை.

ஒரே போத்தலில் மூன்று மருந்து

நாய்களுக்கான காதுச் சொட்டு மருந்துகளில் பெரும்பாலானவை மூன்று மருந்துகளின் கலவை. பாக்டீரியாவைக் கொல்ல ஒரு ஆண்டிபயாடிக், பூஞ்சையைக் கொல்ல ஒன்று, வீக்கத்தையும் அரிப்பையும் அடக்க ஒரு ஸ்டீராய்டு. ஓட்டோமேக்ஸ் என்ற மருந்தில் ஜென்டாமைசின், குளோட்ரிமசோல், பீட்டாமெத்தசோன் ஆகிய மூன்றும் உள்ளன. சுரோலானில் பாலிமிக்சின் பி, மைகோனசோல், பிரெட்னிசோலோன். ஈசோட்டிக்கில் ஜென்டாமைசினும் மைகோனசோலும் ஹைட்ரோகார்ட்டிசோன் வகை ஸ்டீராய்டும். ஆரிசோனில் மார்போஃப்ளாக்சசின், குளோட்ரிமசோல், டெக்சாமெத்தசோன்.

இதில் இரண்டே நாளில் சொறிவதை நிறுத்துவது ஸ்டீராய்டு. வீக்கம் வடிகிறது, அரிப்பு அடங்குகிறது, நாய் நிம்மதியாகத் தூங்குகிறது. கிருமி இன்னும் சாகவில்லை. அந்த நேரத்தில் போத்தலை மூடி வைத்தால், மருந்துக்கு அரைகுறையாகத் தாக்குப்பிடித்த கிருமிகள் மிச்சம் நின்று மறுபடி பெருகும். அடுத்த முறை அதே மருந்து அவ்வளவாக வேலை செய்யாது. மருத்துவர் 7 நாள் என்றால் 7 நாள், 14 நாள் என்றால் 14 நாள் விட வேண்டும். முடிந்ததும் ஒருமுறை காட்டி, கிருமி போய்விட்டதா என்று நுண்ணோக்கியில் பார்த்துக்கொள்வது நல்லது. இந்த இரண்டாவது வருகையைத்தான் நம்மவர்கள் அதிகமாகத் தவிர்க்கிறார்கள். செலவு ஒரு காரணம். நாய் நன்றாக இருக்கிறதே என்ற நினைப்பு இன்னொரு காரணம்.

அதிகாலையில் பெரட்டுக்குப் போய் மத்தியானம் திரும்புகிறவர்களுக்கும், தொழிற்சாலையில் ஷிப்ட் மாறி மாறி வேலை செய்கிறவர்களுக்கும் தினம் இரண்டு வேளை மருந்து விடுவது எளிதல்ல. அவர்களுக்குப் பொருந்தும் மருந்துகளும் இப்போது உண்டு. ஆஸர்னியா என்ற களிம்பு போன்ற மருந்தை ஒருமுறை விட்டு, 7 நாள் கழித்து இன்னொரு முறை விட்டால் போதும். நெப்ட்ரா ஒரே ஒரு தடவை, கிளினிக்கிலேயே மருத்துவர் விடுவது. இரண்டிலும் ஃப்ளோர்ஃபெனிகால் என்ற ஆண்டிபயாடிக்கும் டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் இருக்கின்றன. இவற்றை விட்ட பிறகு பல வாரங்களுக்குக் காதைக் கழுவக் கூடாது. கழுவினால் மருந்தும் போய்விடும். இன்னொரு எச்சரிக்கை: நாய் தலையை உதறும்போது இந்த மருந்து கண்ணில் தெறித்தால், நாயின் கண்ணும் மனிதர் கண்ணும் புண்படலாம். விடும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

எல்லாக் கிளினிக்கிலும் எல்லா மருந்தும் இருக்காது. பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, 'ஒரு தடவை விட்டால் போதும் என்கிற மாதிரி மருந்து இருக்கிறதா?' என்று கேட்பது பலன் தரும். ஒரு போத்தலின் விலையைவிட அது கூடுதலாக இருக்கலாம். ஆனால் பாதியில் நிறுத்திய போத்தல்கள் மூன்றின் விலையோடுதான் அதை ஒப்பிட வேண்டும்.

செவிப்பறை கிழிந்திருந்தால்

அலமாரிப் போத்தலில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். நீண்ட நாள் காதுப் புண்ணில் சீழ் செவிப்பறையை அரித்துத் துளை போட்டுவிடும். துளைக்கு அப்பால் நடுக்காது. அதை ஒட்டி, கேட்பதற்கும் நிலைதடுமாறாமல் நிற்பதற்கும் ஆதாரமான உட்காது. ஜென்டாமைசின் மாதிரியான மருந்துகள் அங்கே இறங்கினால் அந்த நுண்ணிய உறுப்புகளைக் கெடுக்கும். சில நாய்களுக்குக் காது கேட்காமலே போய்விடும். காது கழுவும் திரவங்களில் சிலவும் இதே கேட்டைச் செய்யும்.

நாய் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பது, வட்டமடித்து நடப்பது, நிற்க முடியாமல் விழுவது, கண்மணி இடவலமாகத் துடிப்பது, கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது ஆகியவை உட்காது பாதிக்கப்பட்டதற்கான அறிகுறிகள். மருந்து விட்ட பிறகு இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அடுத்த வேளை மருந்தை விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

அதனால்தான் மருத்துவர் முதலில் ஓட்டோஸ்கோப் என்ற விளக்குக் குழலை விட்டு செவிப்பறை முழுசாக இருக்கிறதா என்று பார்க்கிறார். வீக்கத்தால் குழாய் அடைத்துக்கொண்டு எதுவும் தெரியாவிட்டால், முதலில் சில நாள் பிரெட்னிசோலோன் மாத்திரை கொடுத்து வீக்கத்தை வடிய வைத்து, பிறகு பார்ப்பார். மாத்திரை சாப்பிடும் நாட்களில் நாய் அதிகம் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், பசி கூடும். அது மருந்தின் குணம்தான். பயந்து பாதியில் நிறுத்த வேண்டாம். கிழிந்த செவிப்பறை, புண் ஆறினால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும்.

சூடோமோனாஸ் என்று தெரிந்தால் வைத்தியம் நீளும். சீழை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, எந்த மருந்துக்கு அது மசியும் என்று பார்க்க வேண்டியிருக்கும். டிரிஸ்-இடிடிஏ என்ற திரவத்தால் காதைக் கழுவி, 15 முதல் 30 நிமிடம் கழித்து ஆண்டிபயாடிக் விடுவது வழக்கம். அந்தத் திரவம் கிருமியின் மேலுறையைப் பலவீனப்படுத்தி மருந்து உள்ளே போக வழி செய்கிறது. இதையும் தாண்டிக் காதுக் குழாய் கெட்டியாகி அடைத்துவிட்டால், குழாயையே அறுத்து எடுக்கும் பெரிய அறுவை சிகிச்சைதான் மிச்சம். அதற்குப் பிறகு அந்தக் காதில் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விடும். ஆனால் வருடக்கணக்கில் வலியில் இருந்த நாய் மறுபடி விளையாடும்.

மாட்டு ஊசியும் மண்ணெண்ணெயும்

சிற்றுண்ணிக்கு ஆண்டிபயாடிக் போத்தல் தேவையில்லை. கழுத்துத் தோலில் விடும் செலமெக்டின், மெல்லும் மாத்திரையாகக் கொடுக்கும் சாரோலனர், அஃபாக்சோலனர் போன்றவை அதைக் கொல்லும். வீட்டில் உள்ள மற்ற நாய், பூனைகளுக்கும் மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுக்க வேண்டும். மாடு வளர்க்கும் இடங்களில், மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசி மருந்தில் கொஞ்சத்தை நாய்க்கும் போட்டுவிடும் பழக்கம் உண்டு. மாட்டின் எடை என்ன, நாயின் எடை என்ன? அளவு ஒரு துளி தவறினாலும் நாய்க்கு நடுக்கம், கண் தெரியாமை, மயக்கம், சாவு வரை போகலாம். கோலி இனத்திலும் அதன் கலப்புகளிலும், மூளைக்குள் மருந்து நுழையாமல் தடுக்கும் மரபணு பழுதாகியிருப்பதால் சிறிய அளவே விஷமாகும்.

மண்ணெண்ணெய் ஊற்றினால் பூச்சி சாகும் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூச்சியோடு காதுத் தோலும் வெந்துபோகும். வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு, சுடவைத்த பூண்டு எண்ணெய் ஆகியவை புண்ணான காதில் எரிச்சலைக் கூட்டும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு கெடுதல் இல்லை. ஆனால் ஏற்கெனவே மெழுகு தேங்கிய குழாயில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் சேர்வதைத் தவிர அதனால் பயனும் இல்லை. மனிதர்களுக்கான காது மருந்தும் கண் மருந்தும் நாய்க்கு வேண்டாம்; அவற்றில் சிலவற்றில் ஜென்டாமைசின் இருக்கிறது. வலிக்கிறதே என்று பாராசிட்டமோலோ இபுப்ரோஃபெனோ கொடுத்தால் ஈரல், சிறுநீரகம், வயிறு கெடும். ஸ்டீராய்டு மாத்திரை ஓடும்போது வேறு வலி மாத்திரை சேர்ந்தால் குடலில் புண் வந்து இரத்தம் கசியலாம்.

வீட்டில் மருந்து விடும் முறை

பாதி வைத்தியம் வீட்டில்தான் நடக்கிறது. அதைக் கிளினிக்கில் ஒருமுறை செய்து காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்வது நல்லது.

இருவர் இருந்தால் எளிது. ஒருவர் நாயை அணைத்துப் பிடித்துப் பேச்சுக் கொடுக்க, மற்றவர் மருந்து விடலாம். வலி கடுமையாக இருந்தால் வளர்த்தவரையே கடிக்கும். முதல் சில நாட்களுக்கு வாய்க்கூடை போடுவதில் தவறில்லை. கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவி, கிளினிக்குக்குப் போக வேண்டும். 2017 முதல் வெறிநாய்க்கடி நோய் பரவிவரும் சரவாக்கில் இதில் துளியும் தாமதம் கூடாது.

மருத்துவர் கழுவச் சொல்லியிருந்தால் அவர் கொடுத்த திரவத்தைக் குழாய் நிறையும் வரை விட்டு, காதின் அடிப்பாகத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்லப் பிசைய வேண்டும். 'சளக் சளக்' என்ற சத்தம் வந்தால் திரவம் வளைவு வரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு நாயைத் தலை உதற விட்டு, வெளியே வந்த அழுக்கைப் பஞ்சால் துடைக்க வேண்டும். காதுக் குச்சி வேண்டவே வேண்டாம். அது அழுக்கை வளைவுக்குள் தள்ளி அடைத்து வைக்கும்.

காது ஓரளவு உலர்ந்த பிறகு மருந்து. போத்தலைக் குலுக்கி, சில நிமிடம் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினால் நாய் துள்ளாது. குளிர்ந்த துளி காதில் விழுவது யாருக்கும் பிடிக்காது. காது மடலை மேலே தூக்கிப் பிடித்து, சொன்ன அளவைச் சொட்டாக எண்ணி விட வேண்டும். ஓட்டோமேக்ஸின் அமெரிக்க லேபிள் 30 பவுண்டுக்குக் குறைந்த நாய்க்கு 4 சொட்டு, அதற்கு மேல் 8 சொட்டு, தினம் 2 வேளை, 7 நாள் என்கிறது. ஈசோட்டிக்கில் பம்பை ஒருமுறை அழுத்தினால் 1 மில்லிலிட்டர், தினம் ஒரு வேளை, 5 நாள். ஒரு மருந்தின் கணக்கு இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பதைக் காட்டவே இந்த அளவுகள். கடைப்பிடிக்க வேண்டியது உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்ததை. விட்டதும் மறுபடி பிசைந்து, பிடித்த தீனி ஒன்றைக் கொடுத்தால் மறுநாள் நாய் ஓடி ஒளியாது. கை கழுவ மறக்கக் கூடாது.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வந்தால் பெரும்பாலும் காது மட்டும் பிரச்சினை இல்லை. நாய் பாதத்தை நக்குகிறதா, வயிறும் அக்குளும் சிவந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வாமை உள்ள நாய்களில் சிலவற்றுக்குக் காது ஒன்றில்தான் அது தெரியும். வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுயிர்கள் ஒரு காரணம், சாப்பாடு இன்னொன்று. நாய்களுக்கு ஒவ்வாத உணவுகளில் மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி முதல் வரிசையில் வருகின்றன. நம் வீடுகளில் நாய்க்குத் தினமும் விழுவது சோறும் கோழிக் குழம்பின் மிச்சமும்தான். அதுதான் காரணமா என்று அறிய, மருத்துவர் சொல்லும் ஒரே உணவை 8 வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் பிள்ளைகள் போடும் ஒரு பிஸ்கட் கூட அந்தச் சோதனையைக் கெடுத்துவிடும். தூசி ஒவ்வாமைக்கு ஒக்லாசிட்டினிப் மாத்திரை, மாதம் ஒரு முறை போடும் லோகிவெட்மாப் ஊசி போன்றவை உண்டு. மலிவானவை அல்ல. தைராய்டு சுரப்பு குறைந்த நாய்களுக்கும் காது அடிக்கடி கெடும். அது இரத்தப் பரிசோதனையில் தெரியும்.

தலையை ஓயாமல் உதறும் நாய்க்கு மடலுக்குள் இரத்தக் குழாய் உடைந்து, காது மடல் பலூன் மாதிரி உப்பிவிடும். வீட்டில் ஊசியால் குத்தி வடிக்கக் கூடாது. மடலுக்கு வைத்தியம் செய்வதோடு, உதற வைத்த காதுப் புண்ணுக்கும் வைத்தியம் செய்தால்தான் அது நிற்கும்.

தனியார் கிளினிக் தூரம் என்றால் மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் விசாரிக்கலாம். சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது; சிக்கலான காதுகள் அங்கே அனுப்பப்படுவதுண்டு. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, வளர்க்கும் பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது உரிமையாளரின் பொறுப்பு. கொடுமைப்படுத்தியது நிரூபணமானால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

கிளினிக்குக்குப் போகும்போது அலமாரியில் இருக்கும் பழைய போத்தலையும் கையோடு கொண்டுபோகலாம். முன்பு என்ன மருந்து, எத்தனை நாள் விட்டீர்கள் என்பது மருத்துவருக்கு உதவும். போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து காதைக் கழுவாமலும் மருந்து விடாமலும் இருந்தால், நுண்ணோக்கியில் தெரிவது சரியாகத் தெரியும். புதுப் போத்தல் வாங்கினால் திறந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். லேபிளில் போட்டிருக்கும் கெடு முடிந்ததும், உள்ளே பாதி இருந்தாலும், மற்ற நாயின் காதுக்கு வைக்காமல் கிளினிக்கில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.